யாரிடமாவது சொல்ல வேண்டும்

மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமையில் நான் மறுபடி பஸ் ஓட்டப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வல்லைவெளியைக் கடந்து, வல்வெட்டித்துறைக்குப் போய், பருத்தித்துறையில் நிற்கிற பஸ். பல வருடங்களாக அந்தப் பாதையில் நான்தான் சாரதி. வேறு பாதை தாருங்கள் என்று டிப்போவில் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் சும்மா இருப்பதைவிட ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நல்லது என்றுதான் நினைத்தேன்.

அவன் போனது வல்லைவெளியில். இருபது வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. கூடப் படித்தவனுடைய அக்காவின் கல்யாணத்துக்கு வல்வெட்டித்துறைக்குப் போயிருந்தான். பின்னேரம் அந்த நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து வந்திருக்கிறான். குறுக்கே நாய் வந்தது என்றார்கள். நண்பனுக்குக் கால் முறிந்தது. இவனுக்கு உடம்பில் காயமே இல்லை, தலையில் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, அவன் கட்டியிருந்த பட்டு வேட்டியின் கரை கசங்காமல் இருந்தது. அதை நான்தான் காலையில் மடித்துக் கட்டிவிட்டேன். அவனுக்கு வேட்டி கட்டத் தெரியாது.

வல்லைவெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் உவர் நிலமும் நீரேரியும்தான். மரமில்லை, வீடில்லை. காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளும். ஒளிந்துகொள்ள இடமில்லாத வெளி. ஒவ்வொரு நாளும் போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைக் கடந்தேன். தெருவில் ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் எனக்கு அந்த இடம் வருவதற்கு முன்னமே தெரிந்துவிடும்.

முதலில் 'அவனுக்குப் பதிலாக நான் போயிருக்கலாம்' என்ற நினைப்புத்தான் வந்தது. எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான் வரும் என்று இருந்துவிட்டேன். பிறகு எப்போதோ அது 'போகலாம்' என்று மாறிவிட்டது. எந்த நாளில் மாறியது என்று எனக்கே தெரியாது. காலையில் முகம் கழுவும்போது வரும். சந்தியில் சனம் ஏறுவதற்காக நிற்கும்போது வரும். அழுகையோடு வருவதில்லை. மிக அமைதியாக, யாரோ பக்கத்தில் இருந்து நல்ல புத்தி சொல்வதுபோல வரும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மனைவியிடம் சொல்ல முடியாது. அவள் திடமாக நிற்கிறாள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. உரும்பிராயில் அவளுடைய தகப்பன் கொடுத்த தோட்டத்தில் வெங்காயமும் பீற்றூட்டும் போட்டிருந்தாள். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த அடுத்த நாளே தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள். பயிர் காயுது, பிள்ளை போனது பயிருக்குத் தெரியுமோ என்று கேட்டாள். அப்படி நிற்கிற ஒருத்தியின் தலையில் என் நினைப்பையும் தூக்கி வைக்க மனம் வரவில்லை.

அரியாலையில் இருக்கிற என் அண்ணையிடம் போனேன். அவர் முற்றத்தில் மீன் பிடிக்கிற வலைக் கூட்டைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்குச் செத்தால் நல்லம் போலை கிடக்கு," என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "ஆருக்குத்தான் அப்பிடி இல்லை? இந்த விலைவாசிக்கு எங்களுக்கெல்லாம் அப்பிடித்தான் கிடக்கு. இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. மகனின் பெட்டியைத் தூக்கியவர்களில் அவர்தான் முதல் ஆள். எங்கள் ஊர்ப் பேச்சில் சாவைப் பற்றி அவ்வளவு சாதாரணமாகக் கதைத்துப் பழகிவிட்டோம். பல்லு வலித்தாலும் சாகலாம் போல இருக்கும், பஸ் பிந்தினாலும் சாகலாம் போல இருக்கும். உண்மையாகவே அந்த நினைப்பு வந்தவனுக்குச் சொல்லத் தனியாக ஒரு சொல் மிஞ்சவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு பட்டணத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் போனேன். நிறையப் பேர் காத்திருந்தார்கள். என்னுடைய முறை வந்து கதிரையில் இருந்ததும் அவர் கேட்டார்:

"என்ன, நித்திரை வருதில்லையோ?"

"ஓம் டொக்டர். அதோடை..."

"பிரசர் ஏதும் இருக்கோ?"

"இல்லை."

நித்திரைக்குக் குளிசை எழுதினார். 'அதோடை' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் வைத்திருந்தது சொல்லாமலே போனது. அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

கனடாவில் இருக்கிற என் தங்கை தொலைபேசியில் என் குரலைக் கேட்டுவிட்டு ஏதோ உணர்ந்திருக்க வேண்டும். அங்கே ஒரு தமிழ் ஆலோசகர் இருக்கிறார், வீடியோவில் கதைக்கலாம், நான் ஒழுங்கு செய்து தருகிறேன் என்றாள். ஒரு பின்னேரம் அறைக்குள் இருந்து அவரோடு கதைத்தேன். நல்ல பிள்ளை. அங்கேயே வளர்ந்தவர், சொற்களைத் தேடித் தேடித் தமிழ் கதைத்தார். கொஞ்ச நேரம் மகனைப் பற்றிக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு மனசில வேற என்ன யோசனை வருது?" என்றார்.

நான் சொன்னேன். முதல்தரமாக, நேராக, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, அதை முடித்துக்கொள்ளும் யோசனை வருகிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் திரையில் அவருடைய முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்து நின்றது.

"ஹலோ, ஹலோ. கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்று குரல் மட்டும் வந்தது.

இன்னொருமுறை சொன்னேன். அதுவும் வெட்டி வெட்டித்தான் போனது. "சத்தமாச் சொல்லுங்கோ அங்கிள்."

குசினியில் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் முறை அதைச் சத்தமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நித்திரை வருதில்லை எண்டனான்," என்றேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் தேடவில்லை. ஒரு மாதம் போல அப்படியே பஸ்ஸை ஓட்டினேன்.

ஒரு காலைப் பயணம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், மீன் வாங்கப் போகிற பெண்கள் என்று பஸ் நிறைந்திருந்தது. வல்லைவெளிக்குள் இறங்கியதும் அந்த நினைப்பு வந்தது. வழக்கத்தைவிட மிகக் கிட்ட வந்தது. அப்போது பின்னால் ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் ஏதோ கேட்டுச் சிரித்தது கேட்டது. என்னோடு சேர்த்து எத்தனை பேருடைய பிள்ளைகள் இந்த வண்டிக்குள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டேன்.

நடத்துநர் முன்னுக்கு வந்தார். என்னைவிட வயது குறைந்தவர், நாலைந்து வருடமாக என்னோடு ஓடுகிறவர்.

"என்னண்ணை, ஹீற் ஏறிட்டுதோ?"

"என்னாலை ஓட ஏலாது," என்றேன். "என்னை இதிலை தனிய விடாதை. எனக்குப் பக்கத்திலை நில்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரும்பி, "எஞ்சின் சூடாகிட்டுது. பின்னாலை வாற பஸ்ஸிலை ஏத்திவிடுறன், கொஞ்சம் இறங்குங்கோ," என்று சனத்துக்குச் சொன்னார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் என்னை விட்டு எட்டப் போகவில்லை. பிறகு படியில் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் சொன்னேன். இடையில் எதுவும் வெட்டவில்லை. காற்று மட்டும் சத்தம் போட்டது.

கேட்டு முடித்து, "அண்ணை, இதுக்கு ஆஸ்பத்திரியிலை, மனசு விட்டுக் கதைக்க, உளவளத்துணை எண்டு ஒரு பகுதி கிடக்கு. நான் கூட வாறன்," என்றார்.

வேறு சாரதி வந்து பஸ்ஸை எடுத்ததும், அன்றே டிப்போ மேலாளரிடம் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, குடிக்கிறியளோ?" என்பதுதான்.

"இல்லை சேர். எனக்குப் பின்னாலை சனம் இருக்குது. இந்த மனநிலையோடை நான் ஓடக் கூடாது."

அவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "மருந்தெடுத்துக்கொண்டு வாங்கோ. ஓடாமல் செய்யிற வேலை ஏதும் பாப்பம்," என்றார்.

பஸ் சாரதியின் முகம் அந்தத் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கட்டும் என்று தென்மராட்சிப் பக்கத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் வாசலில் ஒரு ஊழியர், "என்ன அண்ணை, இண்டைக்கு பஸ் இல்லையோ?" என்று கேட்டார். மனநலப் பிரிவு எங்கே என்று அவரிடம்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. என் வாயால் முடியவில்லை. நடத்துநர் விசாரித்தார்.

வைத்தியர் பார்த்தார், மருந்து தந்தார். அவர்தான் என்னை உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். சின்ன அறை, இரண்டு கதிரை, சுழலாத மின்விசிறி ஒன்று. இருந்தது ஒரு இளம் பெண். என் மகனைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அவர் மகனைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார். நான் நித்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்து, வயதைக் கேட்பது போன்ற அதே குரலில் கேட்டார்:

"ஐயா, உயிரை விடவேணும் எண்ட எண்ணம் வாறதோ?"

எத்தனை மாதமாக நான் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தேன். அவர் அதைத் தானே எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

"ஓம்," என்றேன்.

அவர் பதறவில்லை. அப்படிச் சொல்லாதேங்கோ என்றும் சொல்லவில்லை. "எப்ப இருந்து?" என்று கேட்டார். நான் அழத் தொடங்கினேன். மகனின் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. ஆண்பிள்ளை, வருகிறவர்களுக்குக் கதிரை போடுகிற வேலை எனக்கு இருந்தது.

அன்று போவதற்கு முன்னர், நினைப்பு கிட்ட வந்தால் யாருக்கு உடனே எடுப்பது, எங்கே போவது, யாரோடு இருப்பது என்று இருவரும் கதைத்து முடிவு செய்தோம். நடத்துநரின் பெயரைச் சொன்னேன். அண்ணையின் பெயரைச் சொன்னேன். அண்ணைக்கு இந்தமுறை விளங்கும்படி சொல்ல வேண்டும் என்றார் அவர். பிறகு கேட்டார்:

"வீட்டிலை அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவ திடமா இருக்கிறா. குழப்ப விரும்பேல்லை."

"அவவைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

"பேந்து பாப்பம்," என்றேன்.

கிழமைக்கு ஒருமுறை போனேன். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் போய் வந்தபின் இன்னும் மோசமாக இருந்தது. ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆனால் அந்த நினைப்பு என்னோடு இரகசியம் பேசுவது குறைந்தது. இன்னொருவருக்குத் தெரிந்த பிறகு அதன் குரலில் அந்தப் பழைய அமைதி இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் மனைவியைப் பற்றிக் கேட்டார். கடைசியில், ஆஸ்பத்திரியில் உம்மையும் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தி வந்தாள். கதிரையில் முதுகு சாயாமல் இருந்தாள். உளவளத்துணையாளர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "நீங்கள் பஸ் ஓடேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "சந்தையிலை சொன்னவை, இப்ப வேறை ஆள் ஓடுறாரெண்டு. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

"அம்மா, நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"எனக்கும் அதுதான்," என்றாள் என் மனைவி.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன அதுதான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் இப்ப சொன்னதுதான். எட்டுச்செலவு அண்டையிலை இருந்து. தோட்டத்துக்குள்ளை நிண்டால் ஒருத்தரும் முகத்தைப் பாக்க மாட்டினம் எண்டுதான் அங்கை போறனான். எல்லாரும் வந்து திடமான மனிசி, திடமான மனிசி எண்டு சொல்லேக்கை, இதை ஆருக்குச் சொல்லுறது?"

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சொன்னால் நீங்கள் உடைஞ்சு போவியள். நான் போனால் உங்களுக்கு ஆர் சோறு போடுறது எண்டு நினைச்சு நினைச்சுத்தான் ஒவ்வொரு நாளும் இருந்தனான்."

நானும் அதற்காகத்தான் இருந்தேன். அவள் தனியாக என்ன செய்வாள் என்று நினைத்துத்தான். அதை அவளிடம் சொன்னேன். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒருவரை மற்றவர் சாகவிடாமல் பிடித்துக்கொண்டு, அது தெரியாமலே கிடந்திருக்கிறோம். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. அப்படி அவள் துடைத்துவிட எங்களுக்கு இனிப் பிள்ளை இல்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைத்த மாதிரி வேறு எந்த நேரத்திலும் உறைத்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அவளுக்கும் மருந்து தந்தார்கள். வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மோசமான நாளில், "இண்டைக்குச் சரியில்லை" என்று சொல்ல வேண்டும். வேறு விளக்கம் தேவையில்லை. மற்றவர் அன்று எங்கும் போகமாட்டார். சில நாள் இரண்டு பேருக்கும் சரியில்லை. அப்போது அண்ணை வருவார். இப்போது அவருக்கு விளங்கும். வந்து வானொலியைப் போட்டுவிட்டு, எங்களோடு இருப்பார்.

வருடம் முடிய முன்னர் ஒரு நாள் உளவளத்துணையாளர் சொன்னார்: "ஐயா, அம்மா, நான் அடுத்த மாதத்தோடை இஞ்சை இருக்க மாட்டன். லண்டனுக்குப் போறன்."

நாட்டின் நிலைமை தெரியும். வைத்தியர்கள், தாதிகள், படித்த பிள்ளைகள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாடு போகப் பெட்டிகளோடு என் பஸ்ஸில் ஏறிய எத்தனை பேரை நானே பார்த்திருக்கிறேன். அவருக்கும் சின்னக் குழந்தை ஒன்று இருந்தது. போகத்தான் வேண்டும். ஆனாலும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பி வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலோடு நின்றேன். மனைவி உள்ளேயே இருந்தாள். வரும்போது அவளுடைய கண் சிவந்திருந்தது.

"அந்தப் பிள்ளை அழுதது," என்றாள். "நாங்கள்தான் அதைத் தேற்றவேணும் போலை கிடந்தது."

"எல்லாரும் போயினம்," என்றேன்.

"ஓம். போயினம். நாங்கள் அடுத்த கிழமை வருவம்."

கடைசி நாள் அந்தப் பெண் தனக்குப் பதிலாக வந்த புதியவரை அறிமுகம் செய்தார். என் வயதுக்காரர், மட்டக்களப்பிலிருந்து வந்தவர். பெரிய கண்ணாடி போட்டிருந்தார், மெதுவாகக் கதைத்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் ஏதும் செய்ததற்காக அல்ல. அந்தக் கதிரையில் இருந்தார் என்பதற்காக. அந்தப் பெண் விடைபெறும்போது என் மனைவி அவருடைய தலையைத் தடவிவிட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மகனைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு ஆள் அந்தக் கதவால் வெளியே போய்விட்டார்.

அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணவீடு, வல்லைவெளி, நாய், வேட்டி. பாதியில் நான் நின்றுவிட்டேன். இன்னொருமுறை அவனைச் சாகக்கொடுக்க என்னால் ஏலாது என்று சொன்னேன். மனைவி தொடர்ந்தாள். எனக்குத் தெரியாததெல்லாம் சொன்னாள். அன்று காலை அவன் புறப்படும்போது குசினி வாசலில் நின்று, கல்யாணச் சாப்பாடு பிந்தும், ஏதாவது தாங்கோ என்று கேட்டு ஒரு துண்டுப் பாணைச் சம்பலோடு நின்றபடியே தின்றிருக்கிறான். நான் முற்றத்தில் நின்றிருக்கிறேன். கவனிக்கவில்லை.

புதியவர், "மகனுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார்.

"புட்டும் மீன்குழம்பும்," என்றேன் நான்.

"இடியப்பம், சொதி," என்றாள் அவள் அதே நேரத்தில்.

ஒருவரையொருவர் பார்த்தோம். "உங்களுக்காகத்தான் அவன் புட்டுச் சாப்பிடுறவன்," என்றாள். "நீர் அவிக்கிற இடியப்பத்தை அவன் மிச்சம் வைக்கிறவனெல்லோ," என்றேன். இல்லை என்றாள். ஓம் என்றேன். அவர் இடையில் புகவில்லை. எது சரி என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்து, இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

இப்போது எனக்கு டிப்போவில் பஸ்களுக்கு நேரம் குறிக்கிற வேலை. மனைவி இந்தப் போகம் வெங்காயம் போடவில்லை, மரவள்ளி மட்டும் நட்டிருக்கிறாள். நினைப்பு முற்றாகப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். வருகிற நாளில் சொல்கிறோம். மட்டக்களப்புக்காரர் மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். போகிறோம்.